வந்த நிலத்தின் இயல்பு

“அக்கா, இது அவ்வா பூட்டி வைக்கச் சொன்னதுதானே?”

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆதிலாபாத் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஹைதராபாத்தில் இருந்த எனக்கு வந்த அழைப்பு அது. தெலுங்கில் இப்படிக் கேட்டவன் 19 வயது இளைஞன். கேட்பதற்கு முன்னால் தன் அலைபேசியில் ஓர் ஒலிப்பதிவைச் சில நொடிகள் ஓடவிட்டான். அவன் பாட்டியின் குரல். தம் கணவரின் தம்பி பெயரைச் சொல்லி அவர் கொலாமியில் தொடங்கும் அந்த முதல் வாக்கியத்தை நான் நன்கறிவேன். அதை எழுத்துப்பெயர்த்தவள் நான். எங்கள் இருவரைத் தவிர மூன்றாமவர் எவரும் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். “நீங்கள் அனுப்பிய இணைப்பில்தான். மேலே போவதற்கு ஒரு வழி இருந்தது. அழுத்திப் பார்த்தேன்” என்றான். அவன் குரலில் குற்றவுணர்வு இருந்தது. அது இருந்திருக்க வேண்டிய இடம் என் குரல்.

இந்தப் பதிவு நீளமானது. பாதிக்கு மேல் கணினியைப் பற்றியது. களப்பணி செய்யும் நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஒலிப்பதிவுக் கருவியின் ஒவ்வொரு பொத்தானையும் அறிவோம்; பதிவு போய்ச் சேரும் சர்வரைப் பற்றி ஏதும் அறியோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கொலாமி நடுத் திராவிட மொழிகளுள் ஒன்று. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் அதை ஒட்டிய மகாராஷ்டிர மாவட்டங்களிலும் பேசப்படுகிறது. எமனோ 1955இல் வெளியிட்ட இலக்கண நூலே இன்றும் எங்களுக்கு முதல் கையேடு. அந்த ஊரில் எனக்கு வாய்த்த அவ்வா எழுபதைக் கடந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆகவே ஒப்புதலை வாய்மொழியாகவே பதிவு செய்தேன். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். அவ்வாவின் படிவம் மூன்று வாக்கியம். கதைகளை யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். பாட்டுகளை எங்கள் சனம் கேட்கட்டும். வீட்டுப் பேச்சை நீ மட்டும் கேள்; நான் இருக்கும்வரை இந்த வீட்டில் ஒருவரும் கேட்கக் கூடாது.

“வீட்டுப் பேச்சு” என்று அவர் சொன்னது நிலப் பங்கீட்டுச் சண்டையை, முறிந்துபோன ஒரு திருமணத்தை, இன்னும் உயிரோடிருக்கும் சிலரின் பெயர்களை. மொழியியலாளருக்கு அதுதான் பொன். கதை சொல்லும்போது வராத வினைவடிவங்கள் எல்லாம் கோபத்தில் வரும். அவ்வகைப் பதிவுகள் 39. கணினியில் மூன்று அடைவுகளை உருவாக்கி மூன்று வாக்கியங்களையும் அவற்றின் பெயர்களாக்கினேன்: திறந்தது, ஊருக்கு, மூடியது.

அந்த ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்தது. எங்கள் ஆய்வகத்தின் பழைய சர்வர் அதில்தான் ஓடியது. புதிய எந்திரம் வந்தது. அதில் ஆல்மாலினக்ஸ் நிறுவப்பட்டது. ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்தான். அவர் தலையில் மூன்று கட்டடங்களின் கணினிகள். எனவே என் பதிவுகளை நானே இடம் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். புதிய எந்திரத்தில் என் வீட்டு அடைவுக்கு அனைத்தையும் முதலில் இறக்கினேன். பின்னர் ‘எம்வி’ கட்டளையால் மூன்று அடைவுகளையும் மொத்தமாக இணையதள அடைவுக்குள் நகர்த்தினேன். ‘மூடியது’ அடைவுக்கு உரிமையாளர் மட்டுமே திறக்கும் 700 என்னும் அனுமதி இருந்தது. அது போதும் என்று எண்ணினேன். மூடியதைக் கொண்டுபோய்த் தெருவாசலில் வைத்தது என் முதல் பிழை.

தளத்தின் முகப்புப் பக்கம் வந்தது. ஒலிப்பதிவுகள் ஒன்றுகூட ஓடவில்லை. எதைத் தொட்டாலும் 403, அனுமதி இல்லை. கோப்புகளின் அனுமதிகளைப் பார்த்தேன். ‘திறந்தது’ அடைவில் எல்லோரும் படிக்கலாம் என்றே இருந்தது. இரண்டு நாள் இதே கதை. தொழில்நுட்பரைக் கேட்டேன். அவர் வேறொரு கட்டடத்திலிருந்து அலைபேசியில், “எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் எஸ்.இ.லினக்ஸ்தான் காரணம். அதைத் தளர்த்திவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இணையத்தில் தேடினாலும் முதல் பத்து விடைகளில் பாதி அதையே சொல்லும். கட்டளைகளைத் தட்டியவை என் விரல்கள். முதலாவது, உள்ளிருக்கும் அனைத்துக்கும் அனைவருக்குமான அனுமதி. இரண்டாவது, ‘செட்என்ஃபோர்ஸ் 0’. இரண்டாவதைத் தட்டியதும் அவ்வாவின் நரிக்கதை ஒலித்தது. மகிழ்ச்சியில் அன்றிரவே அவர் பேரனுக்கு ‘திறந்தது’ அடைவின் இணைப்பை அனுப்பினேன்.

முகப்புப் பக்கம் இல்லாத அடைவை யாரேனும் திறந்தால் உள்ளிருக்கும் கோப்புகளின் பட்டியலை அப்பாச்சி தானே காட்டிவிடும். எங்கள் சர்வரில் அந்த வசதி திறந்தே இருந்தது. பட்டியலின் தலையில் மேலடைவுக்குச் செல்லும் இணைப்பு ஒன்று இருக்கும். அவன் அழுத்தியது அதைத்தான். மேலே போனான், மூன்று பெயர்கள் தெரிந்தன, மூன்றாவதைத் திறந்தான். அப்படி அது திறந்து கிடந்தது 11 நாள்.

அழைப்பை வைத்ததும் பெங்களூரில் சர்வர் நிர்வாகம் பார்க்கும் அண்ணன் ஒருவரை எழுப்பினேன். திருநெல்வேலிக்காரர், என் இளங்கலைக் காலத்து விடுதித் தோழியின் அண்ணன். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் சொல், “மொதல்ல அப்பாச்சிய நிறுத்து. பொறவு அழு.” நிறுத்தினேன். இரண்டாவது, “செட்என்ஃபோர்ஸ் ஒன்னு போடு.” போட்டேன். மூன்றாவது ஒரு கேள்வி: “ஏம்மா, லேபிளப் பாத்தியா?”

எந்த லேபிள் என்று கேட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னதையும் பின்னர் நானே படித்ததையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

நாம் அறிந்த கோப்பு அனுமதி, உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமையாளர் 777 என்றால் கதவு திறக்கும். அந்த உரிமையாளர் என்னைப் போல் அவசரக்காரராக இருந்தால்? அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000 டிசம்பரில் பொதுவில் வெளியிட்ட எஸ்.இ.லினக்ஸ் அதற்கு மேல் இரண்டாவது பூட்டைப் போடுகிறது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் கருவகத்தின் 2.6 பதிப்பில் அது இணைந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பாதுகாப்பு லேபிள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் கொண்ட செயல் எந்த லேபிள் கொண்ட கோப்பைத் தொடலாம் என்பது கொள்கையில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாதது மறுக்கப்படும். உரிமையாளர் எத்தனை ஏழு போட்டாலும் கொள்கை அசையாது. இதை நீங்கள் ஆண்ட்ராய்டு அலைபேசியில் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் கையிலும் அதுவே காவல் இருக்கிறது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது முழுமையாக அமலில் உள்ளது.

லேபிளுக்கு நான்கு உறுப்புகள்: பயனர், பங்கு, வகை, நிலை. எங்கள் சர்வரைப் போன்றவற்றில் பெரும்பாலான முடிவுகள் ‘வகை’யைக் கொண்டே அமைகின்றன. அப்பாச்சி படிக்கலாம் என்று கொள்கை அனுமதிக்கும் வகைகளுள் ‘இணையதள உள்ளடக்கம்’ உண்டு. ‘பயனர் வீட்டுக் கோப்பு’ இயல்பில் இல்லை. என் ஒலிப்பதிவுகள் முதலில் இறங்கியது என் வீட்டு அடைவில். அங்கே அவை வீட்டுக் கோப்பு என்ற லேபிளைப் பெற்றன. ‘சிபி’ கட்டளையால் படியெடுத்திருந்தால் புதிய படிகள் சேரும் அடைவின் லேபிளைப் பெற்றிருக்கும். ‘எம்வி’ அப்படியன்று, அது கோப்பைப் பழைய லேபிளோடு தூக்கிவந்து வைக்கும். இணையதள அடைவுக்குள் உட்கார்ந்த பிறகும் அவை வீட்டுக் கோப்புகளாகவே இருந்தன. 403இன் காரணம் அவ்வளவுதான். தணிக்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு மறுப்பும் காரணத்தோடு எழுதப்பட்டிருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. பிழையான அந்த லேபிள்தான் இரண்டு நாள் அவ்வாவின் வீட்டுப் பேச்சைக் காத்து நின்றது. அவர் ‘வீட்டுப் பேச்சு’ என்றார். எந்திரமும் அதை ‘வீட்டுக் கோப்பு’ என்றே நினைத்துக்கொண்டிருந்தது. தற்செயல்தான். ஆனால் அதைத் தளர்த்தியவள் நான்.

“சரி, இயல்பு லேபிளுக்குத் திருப்பிரலாம். ரெஸ்டோர்கான்னு ஒன்னு இருக்கு” என்றார் அண்ணன். கட்டளையை நான் தட்டத் தொடங்கியதும், “நில்லு நில்லு. அந்த மூனாவது அடைவு இன்னும் அங்கதான இருக்கு?” என்று நிறுத்தினார்.

ரெஸ்டோர்கான் என்ன செய்கிறது என்பதை அந்த நொடியில்தான் விளங்கிக்கொண்டேன். ஒரு கோப்பு முன்பு என்னவாக இருந்தது என்பது அதற்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதும் இல்லை. அது பார்ப்பது ஒரே ஒரு செய்தி: கோப்பின் பாதை. கொள்கையோடு வரும் விதிப்பட்டியலில் இன்ன பாதைக்கு இன்ன லேபிள் என்று வரி வரியாக இருக்கும். பாதையைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் வரி சொல்லும் வகையைக் கோப்பின்மேல் எழுதிவிட்டுப் போகும். வேறு குறிப்பு தராவிட்டால் வகையை மட்டும்தான் மாற்றும். மற்ற மூன்றையும் விட்டுவிடும்.

பல வரிகள் பொருந்தினால்? இணையதள அடைவுக்குள் உள்ள அனைத்துக்கும் ஒரு பொதுவரி உண்டு. அதற்குள்ளேயே நிரல்கள் வைக்கும் அடைவுக்கும் பதிவேடுகள் வைக்கும் அடைவுக்கும் தனித்தனி வரிகள் உண்டு. குறிப்பானது பொதுவானதை வெல்லும். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். பாணினியின் இலக்கணத்தைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு இதுதான்: பொதுவிதியைச் சிறப்புவிதி தடுக்கும், சிறப்புவிதி எட்டாத இடமெல்லாம் பொதுவிதிக்கு உரியது. கிபார்ஸ்கி 1973இல் இதை ஒலியனியலுக்குக் கொண்டுவந்தார். முதுகலை இரண்டாம் பருவத்தில் அதற்காக ஒரு தேர்வே எழுதினேன். அதே தத்துவம் நான் தினமும் தொட்ட எந்திரத்துக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

அதைவிட அருகில் வருவது தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் உள்ள ஒரு நூற்பா. ஒரு நிலத்துக்குரிய பூவோ பறவையோ தனக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாமல் வேறொரு நிலத்தில் வந்து தோன்றினால், வந்த நிலத்தின் தன்மையையே அது பெறும் என்பது அதன் கருத்து. நெய்தல் பூ குறிஞ்சியில் பூத்தால் குறிஞ்சிக்கு உரியதாகவே பொருள்கொள்ள வேண்டும். ரெஸ்டோர்கானின் கொள்கை இதுவே. ‘எம்வி’யால் வந்த கோப்பு பிறந்த நிலத்தை மறக்காத பறவை, ரெஸ்டோர்கான் வந்து, நீ இப்போது இந்த நிலத்தைச் சேர்ந்தவள் என்று சொல்லிவிடும்.

ஆகவே அன்றிரவு நான் அந்தக் கட்டளையை மொத்த அடைவுக்கும் ஓட்டியிருந்தால், மூடிய 39 பதிவுகளும் முறைப்படி ‘இணையதள உள்ளடக்கம்’ ஆகியிருக்கும். அதன் பிறகு எஸ்.இ.லினக்ஸ் முழு அமலில் இருந்தாலும் அப்பாச்சி அவற்றைத் தடையின்றிப் படித்திருக்கும். எந்திரத்தின் கண்ணில் அது பிழை அன்று, திருத்தம். அவ்வாவுக்கு நான் கொடுத்த வாக்கு அந்த விதிப்பட்டியலில் எங்கும் இல்லை. இயல்பு என்ற சொல்லை இலக்கணத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். யார் எழுதிவைத்த இயல்பு என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

‘மூடியது’ அடைவுக்கு மட்டும் வேறு லேபிளைக் கையால் எழுதிவிடலாமே என்று கேட்டேன். “அதுக்கு சிஹெச்கான் இருக்கு. ஆனா அது பென்சில் எழுத்து. நாளைக்கி எவனாவது மொத்தமா லேபிள் புதுப்பிச்சா அழிஞ்சிரும். விதியில எழுது” என்றார். கொள்கைப் பட்டியலில் நம் சொந்த வரியைச் சேர்க்க ‘செமானேஜ்’ என்ற கட்டளை உண்டு. அப்படிச் சேர்த்த வரி தொகுப்போடு வந்த வரிகளுக்கு மேலாக நிற்கும்; எத்தனை முறை புதுப்பித்தாலும் அழியாது. வரியைச் சேர்த்தால் மட்டும் கோப்பு மாறிவிடாது; அதன் பிறகு ரெஸ்டோர்கானை ஓட்டினால்தான் விதி கோப்பின்மேல் ஏறும்.

இரவு இரண்டு மணிக்குச் செய்தவை இவை. ‘மூடியது’ அடைவை இணையதளப் பகுதியிலிருந்தே வெளியேற்றித் தரவுகளுக்கான தனி வட்டில் புதிய அடைவொன்றுக்குள் வைத்தேன். அந்தப் புதிய இடத்தை வீட்டு அடைவுகளைப் போலவே நடத்துக என்று ஒரு வரி சேர்த்தேன். செமானேஜில் அதற்கென்றே ஒரு வசதி உள்ளது. ஒன்றுக்குச் சொன்ன விதிகளை இன்னொன்றுக்கும் அப்படியே ஏற்றிவிடும். நம் உரையாசிரியர்கள் மாட்டேறு என்பார்களே, அதே வேலை. பிறகு ரெஸ்டோர்கானை முதலில் வெள்ளோட்டமாக விட்டேன். எதையும் மாற்றாமல், எதை எதுவாக மாற்றுவேன் என்று மட்டும் அது சொல்லும். அந்தக் குறிப்பை விட்டுவிட்டு ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு வரியையும் படித்தேன். மூடியவை வீட்டுக் கோப்பாகவும், ‘திறந்தது’ இணையதள உள்ளடக்கமாகவும் வந்தன. ‘ஊருக்கு’ அடைவைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைக்கும்வரை அதையும் வெளியே எடுத்துவிட்டேன். அதன் பின்னரே உண்மையாக ஓட்டினேன்.

777ஐ ரெஸ்டோர்கான் தொடவில்லை. அதன் வேலை லேபிளோடு முடிந்தது. அனுமதிகளை நானே ஒவ்வோர் அடைவாகப் பழையபடி மாற்றினேன். எஸ்.இ.லினக்ஸை நான் முற்றிலும் முடக்காமல் தளர்த்த மட்டும் செய்திருந்தது ஒரு சிறு நல்வினை. தளர்ந்த நிலையிலும் புதிய கோப்புகளுக்கு லேபிள் விழுந்துகொண்டேயிருக்கும். முடக்கியிருந்தால் அந்த 11 நாளில் பிறந்த கோப்புகள் லேபிளே இல்லாமல் கிடந்திருக்கும். மொத்த வட்டுக்கும் புதிதாக லேபிள் இட வேண்டி வந்திருக்கும்.

விடியும்போது அப்பாச்சியின் வருகைப் பதிவேட்டைப் படித்தேன். ‘மூடியது’ அடைவின் பட்டியல் பக்கத்தைத் தேடுபொறி எந்திரம் ஒன்று ஒருமுறை பார்த்துச் சென்றிருந்தது. ஒலிக்கோப்பு எதையும் அது எடுக்கவில்லை. ஒலிக்கோப்புகள் திறக்கப்பட்டது ஒரே மாலையில், ஒரே அலைபேசியிலிருந்து. நான்கு கோப்புகள். மூன்று பாதியில் நின்றிருந்தன. ஒன்றை இறுதிவரை கேட்டிருக்கிறான்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். வழிகாட்டியான பேராசிரியரிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். போய்ச் சொல், மன்னிப்புக் கேட்கும்போது கணினிக் கதை சொல்லாதே என்றார். அவ்வா திண்ணையில் துவரையைப் புடைத்துக்கொண்டிருந்தார். பேரன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். கணினிக் கதை சொல்லாமல் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். “பூட்டி வைக்கச் சொன்னீர்கள். நான் திறந்து போட்டுவிட்டேன். பதினோரு நாள்” என்றேன்.

முறம் நின்றது. யார் கேட்டார்கள் என்றார். சொன்னேன். எதை என்றார். நான்கையும் சொன்னேன், இறுதிவரை கேட்கப்பட்டது எது என்பதையும். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு கொலாமியில் பேரனை அழைத்தார். அவன் வந்து நின்றதும் கேட்ட கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது, எழுதப் போவதில்லை. அவன் தலையை ஆட்டினான். இன்னொருவனிடம் சொன்னாயா என்றார். இல்லை என்றான். அவனை நம்பினார் என்றே நினைக்கிறேன். என்னை நம்பினாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாலையில் கிளம்பும்போது அவரே பேசினார். அந்த நான்கில் இரண்டு வேண்டாம், இல்லாமல் செய்துவிடு. மற்றவை இருக்கட்டும், பூட்டித்தான் இருக்க வேண்டும். முழுதாகக் கேட்டதை அவனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அவன் கேட்டது பாதிக் கதைதான். நான் பையிலிருந்து கருவியை எடுத்தேன், வழக்கம் அப்படி. அதை உள்ளே வை என்றார்.

அழிக்கச் சொன்ன இரண்டில் ஒன்று என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு அடிப்படை. அந்த வினைவடிவம் வேறெந்தப் பதிவிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பேருந்தில் ஐந்து மணி நேரம் அதைப் பற்றி எண்ணிக்கொண்டே வந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எழுத்துப்பெயர்ப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றுகூட ஒரு குரல் உள்ளே சொன்னது.

திங்கட்கிழமை சர்வரிலும், இரண்டு காப்புப் பிரதிகளிலும், என் மடிக்கணினியிலும் அவற்றை அழித்தேன், எழுத்துப்பெயர்ப்பையும். மூன்றாம் இயலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டேன். இப்போது அந்த அடைவில் 37 கோப்புகள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கிறேன். மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்பதால் அது ஒரு வரியும் அச்சிடாமல் முடிந்துவிடுகிறது.